ரிவர்ஸ் கியரில் வந்த கல்யாணக் கார்

சரியாக மாலை நாலு பத்துக்கு அப்பா முதல் கியரைப் போட்டுக் கிளட்சை விட்டார். கார் பின்னால் போனது.

மாதா கோயில் வாசலில் நின்ற கூட்டம் முதலில் கை தட்டியது. புது வண்டி, கொஞ்சம் பின்வாங்கிவிட்டுத்தான் பாயும் என்று நினைத்திருப்பார்கள். அப்பா கியரை எடுத்து மறுபடி போட்டார். கார் மறுபடி பின்னால் போய், கோயில் படியில் முட்டி நின்றது. இரண்டாவது கியரும் பின்னால்தான் இழுத்தது. சித்தப்பாவின் பக்கத்தில் மாலையோடு உட்கார்ந்திருந்த புதுச் சித்தி, தாலி ஏறி அரை மணி நேரம்கூட ஆகாதவள், முகத்திரையை விலக்கிக்கொண்டு கேட்டாள்:

"இன்னா மாமா, பொண்ணைத் திருப்பி வுட்டுட்டு வரச் சொல்லுதா உங்க வண்டி?"

அப்பா சிரிக்கவில்லை. காரை விட்டு இறங்கி, குனிந்து, அடியில் பார்த்தார். எனக்கு அப்போது எட்டு வயது. சீட்டுக்குப் பின்னால், பெட்ரோல் டாங்கின் மேல் போட்டிருந்த பலகையில் உட்கார்ந்திருந்தேன். அப்பாவின் பின்கழுத்து சிவப்பதை அங்கிருந்துதான் பார்த்தேன்.

இதையெல்லாம் நாற்பது வருடம் கழித்து இப்போது எழுதுவதற்குக் காரணம் என் மகள். சிறுசேரியில் வேலை பார்க்கிறாள். அவளும் இரண்டு சிநேகிதிகளும் பழைய சாமான்களை வாங்கிவந்து, கூரையில்லாத கார் ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த அப்பாவின் ஸ்டியரிங்கைக்கூடக் கழற்றிக்கொண்டு போய்விட்டாள். போன சனிக்கிழமை அந்தக் கார் நெம்மேலி அருகே நட்ட நடு ரோட்டில் நின்றுவிட்டது. சுற்றிலும் பைக்கில் வந்த பையன்கள் ஹாரன் அடிப்பதும் கத்துவதும் போனில் எனக்குக் கேட்டது. "எறங்கிடு, வண்டிய வுட்டுட்டு ஓரமா வந்துடு" என்று கத்தினேன். "நான் ஏம்மா எறங்கணும்?" என்றாள். போன் கட்டாகிவிட்டது. ஒரு மணி நேரம் கழித்து அவளே காரை ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தாள். ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் அந்த ஒரு கேள்வி காதைவிட்டுப் போக மாட்டேன் என்கிறது.

அப்பா திருப்போரூரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக். மாமல்லபுரம் கடற்கரையில் ஒரு சினிமாக் கம்பெனி உடைத்துவிட்டுப் போன காரின் முன்பாதி, சவுக்குத் தோப்பில் துருப்பிடித்துக் கிடந்தது. அதை மாட்டு வண்டியில் ஏற்றிவந்தார். அன்றிலிருந்து ஒன்றரை வருடம் எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அந்தக் காருக்குத்தான். இன்ஜின் செங்கல்பட்டுக் காயலான் கடையில் கிடைத்த பழைய டாக்சியுடையது. சக்கரங்களும் பின் அச்சும் ஏலத்தில் வந்த ஜீப்பினுடையவை. சீட்டு, ஏதோ பஸ்ஸின் பெஞ்சு. மூன்று பேர் நெருக்கி உட்காரலாம். ரேடியேட்டர் ஒரு ஜெனரேட்டரிலிருந்து கழற்றியது. கூரை கிடையாது. இன்ஜினுக்கு மூடியும் கிடையாது. மூடி ஒன்று போட்டுவிடலாமே என்று சித்தப்பா கேட்டதற்கு அப்பா, "கஷ்டப்பட்டுச் செஞ்சத எதுக்குடா மூடி வைக்கணும்?" என்றார். பித்தளைக் குழாய்களை எல்லாம் புளி போட்டுத் தேய்த்து வைத்திருந்தார். வேறு எந்தக் காரிலும் நான் அப்படி ஒரு இன்ஜினைப் பார்த்ததில்லை. மற்ற கார்களுக்கு வயிறு தெரியாது, எங்கள் காருக்கு மட்டும் தெரியும்.

கார் தரையோடு தாழ்ந்து இருக்க வேண்டும் என்பது அவர் ஆசை. அதற்காக ஜீப்பின் பின் அச்சைத் தலைகீழாகத் திருப்பிப் பூட்டினார். கார் நாலு விரற்கடை தாழ்ந்தது. பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் காரைக் கல் மேல் ஏற்றிவைத்து இன்ஜினை ஓட்டிக் கியர் போட்டார். பின் சக்கரங்கள் விர்ரென்று சுற்றின. ஒர்க்‌ஷாப்பில் இருந்தவர்கள் விசில் அடித்தார்கள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சக்கரம் சுற்றுகிறதா என்றுதான் எல்லாரும் பார்த்தார்களே தவிர, எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று ஒருவரும் பார்க்கவில்லை. தரையில் ஒருமுறை ஓட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் பெண்ணும் மாப்பிள்ளையும் ஏறுவதற்கு முன்னால் அந்தக் கார் ஒரு அடிகூட ஓடக் கூடாது என்று அப்பா பிடிவாதமாக இருந்தார். ஒர்க்‌ஷாப்பிலிருந்து கோயில் வாசல்வரை கையால்தான் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

அடியில் பார்த்துவிட்டு எழுந்த அப்பா, வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டினார்.

"அச்சத் திருப்புனதுல எல்லாம் உல்ட்டா ஆயிட்ச்சி. முன்னால போற மூணு கியரும் பின்னால போவும்."

"அப்போ பின்னால போறது?" என்றார் சித்தப்பா.

"அது முன்னால போவும்."

"ஒரே கியர்லயா? எவ்ளோ வேகம்ணா போவும்?"

"நடக்கற வேகம். போதும்."

சித்தப்பாவுக்குப் போதவில்லை. எங்கள் காலனிக்கும் கோயிலுக்கும் இடையில் ஊர்த்தெரு இருந்தது. அதை மூன்றாவது கியரில் கண்மூடித் திறப்பதற்குள் தாண்டிவிடலாம் என்பதுதான் அவருடைய கணக்கு. இல்லையென்றால் கால்வாய்க் கரையைச் சுற்றிக்கொண்டு போகலாம் என்று ஒரு வாரமாகவே சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது மறுபடி அதையே சொன்னார்.

"ரோடு இன்னாத்துக்குப் போட்டு வச்சிகீறான்?" என்றார் அப்பா. "வர்றியா, நான் மட்டும் பொண்ண இட்டுகினு போவட்டுமா?" பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "தெரு முடியற வரிக்கும் யாரும் எறங்கக் கூடாது. இன்னா ஆனாலும் சரி."

சித்தியின் வெள்ளைப் புடவையில் மணல் ஒட்டிவிடும் என்று சொல்கிறார் போல என நினைத்துக்கொண்டேன். அந்தத் தெருவில் மணல் அதிகம் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அப்பாவின் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகும்போதெல்லாம் தெருமுனை வந்ததும் இறங்கிவிடுவார். என்னையும் இறக்கிவிட்டுக் கடைசிவரை தள்ளிக்கொண்டே வருவார். ஏன்ப்பா என்று ஒருமுறை கேட்டதற்கு, "மணல் ஜாஸ்தி. எல்லாரும் எறங்கித்தான் தள்ளணும்" என்றார். காலனியில் எல்லாருமே அப்படித்தான் போனார்கள். தெருவில் வீடு இருந்த ரைஸ்மில்காரர் மட்டும் இறங்காமல் மணி அடித்துக்கொண்டே மிதித்துப் போவார். அவருக்கு மணலில் ஓட்டிப் பழக்கம் போலிருக்கிறது என்று எனக்கு அவர்மேல் ஒரு மரியாதைகூட உண்டு.

அம்மாவும் மற்றவர்களும் பந்தி வேலைக்காகப் பஸ்ஸில் முன்னாலேயே போய்விட்டார்கள். நாங்கள் நாலு பேர், ரிவர்ஸ் கியரில், முன்னால் புறப்பட்டோம். இன்ஜின் போட்ட சத்தத்துக்கு ஆகாயத்தில் பறந்திருக்க வேண்டும். கார் எருமை போல நடந்தது. வழியில் ஒரு கோழி எங்களை முந்திக்கொண்டு போனது. "மாமா, கோழிக்கு வழி வுடுங்க, அதுக்கு இன்னா அவசரமோ" என்றாள் சித்தி. சித்தப்பாவைத் தவிர எல்லாரும் சிரித்தோம்.

ஊர்த்தெருவின் பாதியில், சரியாக அரசமரத்தடியில், ரேடியேட்டர் கொதித்தது. மூடி இல்லாத இன்ஜின் என்பதால் ஆவி நேராக மேலே கிளம்பி அப்பாவின் முகத்தை மறைத்தது. அவர் இன்ஜினை நிறுத்திவிட்டு, என் பக்கம் கையை நீட்டினார்.

"தண்ணி கேனைக் குடு."

கொடுத்தேன். காலியாக இருந்தது. கோயிலில் தாகமாக இருந்ததென்று அதில் கொஞ்சம் குடித்துவிட்டு நான்தான் மூடாமல் வைத்திருந்தேன். படியில் முட்டியபோதே எல்லாம் என் கவுன் மேல் கொட்டிவிட்டது. சொன்னால் அடி விழும் என்று வாயைத் திறக்கவில்லை. அப்பா கேனைப் பார்த்தார், ஈரக் கவுனைப் பார்த்தார். கேனைக் காலடியில் வைத்துவிட்டு ஸ்டியரிங்கின் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டார்.

"ஆறட்டும்" என்றார்.

வாசல்களில் ஆட்கள் வந்து நின்றார்கள். மரத்தடியில் சீட்டாடிக்கொண்டிருந்தவர்களில் ஒருவன் எழுந்து வந்து காரைச் சுற்றிப் பார்த்தான்.

"இன்னாடா, குக்கர் விசில் அடிக்குது?"

அப்பா ரேடியேட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எறங்கி தள்ளிகினு போவ வேண்டியதுதான. எப்பவும் போறதுதான?"

"ஆறுனா போயிடும்" என்றார் அப்பா.

"தண்ணி வோணும்னா எறங்கி வந்து கேளு, ஊத்தச் சொல்றேன்."

"அவசரம் இல்ல."

சித்தப்பா மெதுவாக, "அண்ணா, நான் மட்டும் எறங்கி..." என்று ஆரம்பித்தார். சித்தி அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் செங்கல்பட்டில் நர்ஸ். "ராவெல்லாம் வார்டுல நின்னுகினே கெடக்கறவ நான்" என்றாள், எல்லாருக்கும் கேட்கும்படி. "உக்காந்திருக்கறது எனக்கு இன்னா கஷ்டம்? நீயும் உக்காரு." கைப்பையைத் திறந்து மைசூர்பாகை எடுத்து எங்களுக்குப் பிட்டுக் கொடுத்தாள். முகத்திரையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, சினிமா பார்க்க வந்தவள் போலத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அவளை அந்த நிமிடத்தில்தான் பிடித்துப்போனது. இவ்வளவு பேர் வேடிக்கை பார்க்கிற அளவுக்கு அழகான கார் எங்களுடையது என்பதும், அதில் நான் உட்கார்ந்திருக்கிறேன் என்பதும் தாங்க முடியாத பெருமையாக இருந்தது. பலகை குத்தியது. கால் மரத்துப்போயிற்று. இறங்கி ஓடலாம் என்று இருந்தது. ஆனால் அப்பாவின் கைகள் ஸ்டியரிங்கை விட்டு நகரவே இல்லை; விரல் முட்டிகள் வெளுத்திருந்தன. ஓடாத காரை ஏன் இவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறார் என்று எனக்குப் புரியவில்லை.

அந்தக் கார் அன்றைக்கே வீடு போய்ச் சேர்ந்தது. காலனி முனையில் அம்மா ஓடி வந்து ஆரத்தி எடுத்ததும், மறுவாரம் அப்பா அச்சைச் சரியாகத் திருப்பிப் பூட்டியதும், பிறகு எத்தனையோ கல்யாணங்களுக்கு அந்தக் கார் அதே தெரு வழியாக மூன்றாவது கியரில் பறந்ததும் நடந்தன. ஆனால் அப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தது ரிவர்ஸ் கியரைப் பற்றித்தான். "கியர் ஒழுங்கா இருந்திருந்தா அன்னிக்கி அந்தத் தெருவ நாம பாத்தே இருக்க மாட்டோம்" என்பார்.

அன்று அரசமரத்தடியில் முக்கால் மணி நேரம் அப்படி உட்கார்ந்திருந்தோம். ஆவி நின்று, இன்ஜின் டிக் டிக்கென்று ஆறிக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து சைக்கிள் மணி கேட்டது. ரைஸ்மில்காரர் வீடு திரும்பும் நேரம். மரத்தடியில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். மணி மறுபடி அடித்தது. தெருவின் அகலம் முழுவதும் எங்கள் காராக இருந்தது. ஒரு பக்கம் சாக்கடை, மறுபக்கம் கணுக்கால் புதையும் மணல். அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. சீட்டாடியவன், "டேய், ஐயா வர்றாரு" என்றான். அப்பா அப்போதும் திரும்பவில்லை.

மணி நின்றது. ரைஸ்மில்காரர் ஒரு காலை ஊன்றி, கொஞ்ச நேரம் எங்கள் முதுகுகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சைக்கிளை விட்டு இறங்கினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மணல் பக்கமாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். சக்கரம் புதைந்தது, தூக்கித் தூக்கி நகர்த்தினார். என் பலகைக்கு நேராக வந்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது. பாவமாக இருந்தது. ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

"மணல் ஜாஸ்திங்கய்யா" என்றேன். "இந்தத் தெருவுல எல்லாரும் எறங்கித்தான் தள்ளணும். எங்கப்பா சொல்லிகீறாரு."

சித்தியின் கை பின்னால் வந்து என் முழங்காலைப் பற்றியது. அப்பா அப்போதுதான் தலையைத் திருப்பினார். ரைஸ்மில்காரர் என்னைப் பார்த்தார், பிறகு அப்பாவை, பிறகு, வெயிலில் மின்னிக்கொண்டிருந்த பித்தளைக் குழாய்களை.

"ஆமா பாப்பா" என்றார். "மணல் ஜாஸ்திதான்."