முதல் கிளாரினெட்டின் தாள்

ரெமேய் அத்தை எழுதிய தாளில் ஒரு புள்ளி இடம் மாறி நான் பார்த்ததில்லை. எங்கள் ஊர் பேண்டுக்கு இசைத்தாள் நகலெடுப்பது அவளுடைய பிழைப்பு. இசையமைப்பாளர் எல்லா வாத்தியத்தையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிய பெரிய பிரதியைக் கொடுப்பார். அதிலிருந்து டியூபாவுக்கு ஒரு தாள், டிரம்பெட்டுக்கு ஒரு தாள் என்று ஆளுக்கொன்றாகப் பிரித்து எழுத வேண்டும். எழுதும்போது அத்தை முனகக்கூட மாட்டாள். ஒரு தடவை பாடித்தான் பாரேன் என்று சீண்டுவோம். பாடினால் காது முந்திக்கொண்டு அடுத்த ஸ்வரத்தைத் தானாக ஊகித்துவிடும், பிழை வரும், அப்புறம் திட்டு யாருக்கு என்பாள். எழுதி முடித்த பாட்டு எப்படி இருந்தது என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது.

ஒனோஃப்ரே சென்ட்ரா எங்கள் ஊர்க்காரர். வலென்சியா நகரமே எழுந்து நின்று கைதட்டிய இசையமைப்பாளர் அவர், ஆனாலும் புதுசாக எதை எழுதினாலும் முதலில் எங்கள் பேண்டுக்குத்தான் கொடுப்பார். ஸ்பெயின் உள்நாட்டுப் போரின் கடைசிக் குளிர்காலத்தில் பேண்டில் பாதிப்பேர் போர்முனையில் இருந்தார்கள். அத்தையின் புருஷன், டிராம்போன்காரன், அதற்குள் செத்தே போயிருந்தான். மிச்சம் இருபத்திரண்டு பேர். அந்த இருபத்திரண்டு பேருக்காகவே சென்ட்ரா மூன்று பாகத்தில் ஒரு பெரிய படைப்பை எழுதினார். டிரம்பெட்காரர்கள் இல்லாததால் மெட்டு முழுவதையும் முதல் கிளாரினெட்டுக்குக் கொடுத்தார். அந்த முதல் கிளாரினெட் நான்தான். பெயர் டோஃபோல். தட்டைப் பாதம் என்று பட்டாளம் திருப்பி அனுப்பிய ஆள்.

ஒத்திகைக்குக்கூட நேரம் வரவில்லை. குடியரசைக் கவிழ்த்த தளபதி ஃபிராங்கோவின் படை ஊருக்குள் வந்துவிட்டது. சென்ட்ரா அந்தப் படைப்பின் ஒரே பிரதியை அத்தையிடம் கொடுத்துவிட்டுப் பிரான்சுக்கு ஓடினார். அங்கே அகதி முகாமில், கடற்கரை மணலில் படுத்த இடத்திலேயே அந்த வருஷம் போய்ச் சேர்ந்தார். இங்கே பேண்டு அலமாரியில் இருந்த அவருடைய படைப்புகளைச் சதுக்கத்தில் குவித்துக் கொளுத்தினார்கள். அதோடு விட்டார்களா? குடியரசுக் காலத்துத் தேசிய கீதத்தைச் சீட்டியடித்தான் என்று செருப்புத் தைக்கிற எலீசியோவை இழுத்துக்கொண்டு போனார்கள். திரும்பி வந்தபோது சீட்டியடிக்க அவன் வாயில் பல் இல்லை.

நாற்பத்தொன்றாம் வருஷம் இலையுதிர்காலம். புனிதர் ஊர்வலத்துக்கான மெட்டை அத்தை எங்கள் எல்லாருக்கும் புதிதாக எழுதிக் கொடுத்திருந்தாள். வீட்டில் அதை எடுத்து வைத்துக்கொண்டு வாசித்துப் பார்த்தேன். தாள் நழுவித் தலைகீழாக விழுந்தது. பின்பக்கம் முழுக்கப் பொடிப்பொடியாக இசை. தலைப்பு இல்லை, பேர் இல்லை. காகிதப் பஞ்சம், பழைய தாளில் எழுதியிருக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். படித்துக்கொண்டே போனேன். சென்ட்ராவின் கைவாகு எனக்குத் தெரியாதா? முக்கால்வாசி தாண்டியதும் பதினாறு பட்டைகள், இரண்டு கோட்டுக்கு நடுவே வருகிற தாளக் கட்டத்தைத்தான் பட்டை என்போம். மெதுவாக்கி, தாலாட்டு மாதிரி ஆக்கி வைத்திருந்தார். ஆனாலும் அது அதேதான், எலீசியோ சீட்டியடித்த கீதம்.

அப்போதுதான் எல்லாம் விளங்கியது. பிரதியை இருபத்திரண்டாகப் பிரித்து எங்கள் தாள்களின் முதுகில் எழுதிவிட்டாள் இந்த மனுஷி! ஒருத்தன் கையில் இருப்பதை மட்டும் பார்த்தால் ஒன்றும் புரியாது. யாரிடமும் சொல்லவில்லை, ஏனென்றால் தெரியாதவனை அடித்தால் அவன் என்னத்தைச் சொல்வான்? நல்ல யோசனைதான். ஆனால் மற்றவன் தாளில் வெறும் பும்-பும். கழுத்துக்குக் கயிறு என் தாளில் மட்டும். அவள்மேல் எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது.

மூன்று நாள் தூக்கமில்லை. தெருவில் பூட்ஸ் சத்தம் கேட்டால் மூத்திரம் முட்டியது. நாலாம் நாள், முன்பக்கத்து ஊர்வல மெட்டை வேறொரு தாளில் நானே எழுதிக்கொண்டு, அத்தையின் தாளை அடுப்பில் போட்டேன். மேலே சர்க்கரைவள்ளிக்கிழங்கு வெந்துகொண்டிருந்தது. அதைச் சாப்பிட்டேன். ஆமாம், சாப்பிட்டேன், பசி.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து ஒத்திகை. பேண்ட் மாஸ்டராக டான் ஹெர்வாசியோ என்று ஒருவரைத் தலைநகரிலிருந்து போட்டிருந்தார்கள். பட்டாளத்து பேண்டில் இருந்தவர், கோட்டில் ஃபிராங்கோ கட்சிச் சின்னம். மூலையில் அத்தை கிழிந்த தாள்களுக்குப் பசை தடவிக்கொண்டிருந்தாள். ஊர்வல மெட்டைத் தொடங்கினோம். நாலு பட்டை போயிருக்காது, டியூபா எங்கேயோ தனியாகப் போனது.

டியூபாக்காரர் பத்தீஸ்தேவுக்குப் பாதிக் கண். தாளைத் திருப்பி வைத்துவிட்டார். முன்னால் எது இருக்கிறதோ அதை ஊதுவதுதானே பேண்டுக்காரன் புத்தி, அவர் பாட்டுக்கு ஊதிவிட்டார். ஹெர்வாசியோ கோலைத் தட்டி நிறுத்தி, நடந்துபோய் அந்தத் தாளை எடுத்துப் பார்த்தார். பக்கத்து ஆளுடையதைத் திருப்பினார். அதற்கடுத்ததையும் திருப்பினார்.

"என்ன இது?"

அத்தைதான் மூலையிலிருந்து சொன்னாள், கை பசையில் அப்படியே இருக்க. "பழைய பயிற்சிப் பாடம் ஐயா. காகிதம் கெடைக்கல, அதான் அதோட பின்னாடி எழுதிட்டேன்."

ஹெர்வாசியோ அவளை வெகுநேரம் பார்த்தார். பிறகு எங்களிடம் திரும்பினார். "எல்லாரும் தாளைத் திருப்புங்க. அந்தப் பாடத்தை நானும் கேக்கறேன்."

திருப்பினோம். என்னுடையது மட்டும் வெள்ளையாக இருந்தது. அவர் நேராக என்னிடம் வந்தார்.

"ஒனக்கு மட்டும் ஏன் இல்ல?"

"காபி கொட்டிடுச்சு ஐயா. வேற தாள்ல நானே எழுதிக்கிட்டேன்."

"காபியா? எனக்கே கெடைக்கல, ஒனக்கு எங்கடா கெடைச்சுது?"

"வறுத்த பார்லிங்க ஐயா. வாய்தவறி காபின்னு சொல்லிட்டேன்."

யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு இன்றைக்கும் நன்றி சொல்வேன். அவர் திரும்பிப் போய்க் கோலை உயர்த்தினார். அத்தை என் வெற்றுத் தாளைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். அந்த முகத்தை என்னால் படிக்க முடியவில்லை.

வாசித்தார்கள். மடியில் கிளாரினெட்டை வைத்துக்கொண்டு நான் பட்டைகளை எண்ணினேன். பும்-பும், நீண்ட ஸ்வரம், மறுபடி பும்-பும். மூன்றாம் பாகம் வந்தது. அந்தப் பதினாறு பட்டைகள் நெருங்கின. டிரம் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிட்டால்? அத்தை பசைக் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே போனேன். பதினாறும் போயிற்று. மெட்டில்லாமல் வெறும் டியூபாவும் டிரம்மும், கல்யாண ஊர்வலம் போன பிறகு பின்னால் வருகிற வண்டிச் சத்தம் மாதிரி.

ஹெர்வாசியோ கொட்டாவி விட்டார். இவ்வளவு மோசமான பாடத்தை வைத்துக் கற்றால் இப்படித்தான் ஊதுவீர்கள் என்றார். குழப்பம் வராமல் இருக்கப் பின்பக்கத்தில் பென்சிலால் குறுக்குக் கோடு போடச் சொன்னார். அவ்வளவுதான்.

அத்தை என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் சுவரைக்கூட நம்ப மாட்டோம். ஆனால் அந்தக் கிறிஸ்துமசுக்கு ஒரு தட்டு வந்தது, கிழங்குப் பூரணம் வைத்த பணியாரம், சர்க்கரைக்கு நாயாய் அலைந்த வருஷத்தில். மறுவருஷமும் வந்தது. முப்பத்தாறு வருஷம் விடாமல் வந்தது. தாளை எரித்து அவளைக் காப்பாற்றினேன், அது அவளுக்குத் தெரியும், மன்னித்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் தின்றேன்.

எழுபத்தைந்தில் ஃபிராங்கோ செத்தான். எழுபத்தேழில்தான் ஊருக்குத் தைரியம் வந்தது. சென்ட்ராவின் கடைசிப் படைப்பை வாசிக்கப் போகிறோம் என்று பேச்சு அடிபட்டதும், அத்தை வீடுவீடாகப் போய்ப் பழைய ஊர்வலத் தாள்களைச் சேகரித்தாள். செத்துப்போனவர்களுடையதை விதவைகள் கொடுத்தார்கள். இருபத்தொன்றும் சேர்ந்த பிறகு, கடைசியாக என் வீட்டுக்கு வந்தாள். எழுபத்தாறு வயதில் மாடிப்படி ஏறி, மூச்சு வாங்கிக்கொண்டு, சிரித்தபடி.

"எடுடா டோஃபோல். எங்கடா ஒளிச்சு வெச்சிருக்க? இத்தன வருஷமும் கேக்கணும்னு நாக்கு துடிச்சுது."

எனக்கு முதலில் புரியவில்லை.

"அன்னிக்கு வெள்ளத் தாள வெச்சுட்டு உக்காந்திருந்தியே, அப்பவே தெரிஞ்சுக்கிட்டேன். பய நம்மளவிடக் கெட்டிக்காரன், உசுரக் குடுத்து மெட்டக் காப்பாத்தி வெச்சிருக்கான்னு."

"ஒளிக்கல அத்தை."

"அப்புறம்?"

"எரிச்சுட்டேன். அதுக்கு மொதல்லயே. பயந்துபோய்."

அவள் உட்காரவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"முழுசுமா?"

"முழுசும்."

"பெரிய பிரதிய நான் அப்பவே கொளுத்திட்டேனேடா, ஒவ்வொரு பக்கமா எழுதி முடிக்க முடிக்க." அவள் உதடு எதையோ தேடி அசைந்தது. சத்தம் வரவில்லை. "என் கையால எழுதினேன். ஒரு வரி ஞாபகம் இல்ல. ஒரே ஒரு தடவ வாய்விட்டுப் பாடியிருக்கலாம்."

நான் எரிக்காமல் இருந்தால் அவள் ஜெயிலில் செத்திருப்பாள் என்று சொல்ல வாயெடுத்தேன். அது உண்மைதான், அவளுக்கும் தெரியும். சொல்லவில்லை. அவள் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்துப் படியிறங்கிப் போனாள்.

அக்டோபரில் சதுக்கத்தில் வாசித்தோம். மூன்று பாகத்துக்கும் நான் கிளாரினெட்டை மடியில் வைத்துக்கொண்டு எண்ணினேன். அந்தப் பதினாறு பட்டைகளை மட்டும் ஊதினேன், அது நாட்டுக்கே தெரிந்த மெட்டு. ஜனம் எழுந்து நின்று அழுதது. முன்வரிசையில் அத்தை உட்கார்ந்தே இருந்தாள்.

அந்தக் கிறிஸ்துமசுக்குத் தட்டு வரவில்லை.