பீரோவுக்குப் போகாத என் சான்றிதழ்கள்

தேவனுடைய பிள்ளைகளே, என் குணம் உங்களுக்குத் தெரியும். பால்காரர் ஊற்றும் அளவைக்கூட எட்டிப் பார்ப்பவள் நான். அப்படிப்பட்டவளே ஏமாற இருந்தேன். கர்த்தர் காப்பாற்றினார். அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

2007 ஜூன் மாதம். எம்.சி.ஏ. முடித்து இரண்டு வருடம் ஆகியும் சாஃப்ட்வேர் வேலை அமையவில்லை. முதலிபாளையத்தில் ஒரு பனியன் கம்பெனி ஆபீசில் பேக்கிங் லிஸ்ட் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். அப்பா திருநெல்வேலியிலிருந்து பிழைக்க வந்து, தையல் மெஷினில் குனிந்தே என்னைப் படிக்கவைத்தவர். அவர் முகத்தைப் பார்க்கவே கூசியது. செத்துவிடலாமா என்றுகூட நினைத்திருக்கிறேன்.

அப்போதுதான் கோவையில் ஒரு ஷேர் டிரேடிங் கம்பெனி நேர்முகத் தேர்வுக்கு அழைத்தது. முதல் சுற்றிலேயே தேறினேன். நான் வாங்கியதைப்போல் நான்கு மடங்கு சம்பளம் என்றார்கள். எனக்கு உடனே உறுத்தியது. வாசலில் போர்டு சின்னது, உள்ளே சோபா பெரியது. வீட்டுக்கு வந்து உபவாசம் இருந்தேன். "ஆண்டவரே, இந்த வேலை எனக்கு வேண்டும். ஆனால் இதில் கோணல் இருந்தால் கையெழுத்துப் போடுமுன் காட்டிவிடும்" என்று அழுதேன்.

இரண்டாம் சுற்றுக்குப் போனதும் ஒரிஜினல் சான்றிதழ்களைக் கேட்டார்கள். கொடுத்துவிட்டேன். நான் வேலை பார்த்த பனியன் கம்பெனியில் அதுதான் பழக்கம். நிரந்தர ஆட்கள் வேறு கம்பெனிக்குத் தாவாதிருக்க முதலாளி வாங்கிப் பூட்டிக்கொள்வார்; டைப் அடிக்கும் என்னிடம் மட்டும் கேட்டதில்லை. பால் அளவு பார்ப்பவள் பதினெட்டு வருடப் படிப்பைக் கொடுத்துவிட்டு ஒரு ரசீதுகூடக் கேட்கவில்லை.

பிறகு மேனேஜர் ஒரு புரோகிராம் எழுதச் சொன்னார். பங்கு விலை கம்பெனியின் திரையில் உடனே தெரிய வேண்டும், வாடிக்கையாளர் திரையில் பத்து விநாடி கழித்துத் தெரிய வேண்டும். ஏன் என்று கேட்டேன். சர்வருக்குப் பாரம் என்றார். அந்தப் பாரம் கம்பெனியின் திரைக்கு மட்டும் கிடையாதா? ஏறிய விலையை முன்னால் பார்த்துவிட்டுப் பழைய விலைக்கு ஜனங்களிடம் வாங்கத்தான் இது என்று புரிந்தது. அப்பாவைப் போன்றவர்களின் பி.எஃப். பணமும் இங்கேதான் வரும். எழுந்து, என்னால் முடியாது என்றேன்.

மேனேஜர் சிரித்தார். "அப்ப சர்டிபிகேட் இங்கியே இருக்கட்டும்மா. நல்லா யோசிச்சுட்டு வாங்க" என்றார்.

மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். "கர்த்தாவே, காட்டிவிட்டீர். இனி காப்பாற்றும்." வேறு ஜெபம் வரவில்லை.

சற்று நேரத்தில், புரோகிராம் எழுத எனக்குக் கம்ப்யூட்டர் போட்டுக் கொடுத்த ஆபீஸ் ஊழியர் ஒருவர் என் ஃபைலோடு இறங்கி வந்தார். இவர் இதற்கு என்ன கேட்கப்போகிறாரோ என்று அவரையும் சந்தேகப்பட்டேன்.

"உங்களுது இன்னும் பீரோவுக்குப் போகலீங்க. மேசை மேலதான் இருந்துச்சு, எடுத்துட்டுப் போயிருங்க. என்னுது உள்ள பூட்டிக் கெடக்குதுங்க, ரெண்டு வருசமாச்சு."

நான் ஒவ்வொரு தாளாக எண்ணிச் சரிபார்த்தேன். எல்லாம் இருந்தது. நிமிர்ந்தபோது அவர் மேலே போய்விட்டார். அவருக்கு நான் நன்றிகூடச் சொல்லவில்லை.

அந்த ஆபீசை அதே வருடம் தீபாவளிக்குள் மூடிவிட்டார்கள். இன்று அவிநாசியில், நிட்டிங் கம்பெனிகளுக்குச் சம்பளக் கணக்கு சாஃப்ட்வேர் எழுதுகிறேன். பெரிய சம்பளமில்லை, நிம்மதி இருக்கிறது. கர்த்தருக்கே ஸ்தோத்திரம்.

என்னைப்போல எதையும் லேசில் நம்பாதவர்கள் இங்கே இருந்தால், உங்கள் மனதில் உறுத்துவதை அப்படியே அவரிடம் சொல்லுங்கள். அவர் கோபிக்கமாட்டார். பெயர்கூடத் தெரியாத அந்த அண்ணனுடைய சான்றிதழ்கள் அவர் கைக்கு வந்தனவா என்று எனக்குத் தெரியாது. அவருக்காக என்னோடு ஒரு நிமிடம் ஜெபியுங்கள்.