தீர்க்கக்கூடிய பிரச்சினை

தலையிடிக்கு மருந்து கேட்டுக் கிளிநொச்சிக்குப் போனேன். டொக்டர் குளிசை தராமல் என்னை ஓர் உளவளத்துணையாளரிடம் அனுப்பிவிட்டார். படிப்பை முடித்த கையோடு வந்த பிள்ளை. கதிரையை என் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, எந்தப் பிரச்சினையையும் தீர்க்கப் படிமுறைகள் இருக்கின்றன என்றாள். சோறு வடிக்கச் சொல்லித் தருவது போல இருந்தது.

“முதல்ல உங்கட பிரச்சினையைச் சொல்லுங்கோ அம்மா.”

“தம்பி. கடைசிச் சண்டையில காணாமல் போனவன். இன்னும் வரேல்லை.”

கொஞ்சம் தயங்கினாள். “அது எங்கட கையில இல்லாத பிரச்சினை. கையில இருக்கிற ஒண்டைச் சொல்லுங்கோவன்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அளவில்லாத செருப்பைக் கடையில் மாற்றுவது போல, பிரச்சினையை மாற்றிக் கொண்டுவரச் சொல்கிறாள்.

ஆனாலும் அவள் விடவில்லை. தலையிடி எப்போது வருகிறது என்று கேட்டாள். யோசித்துப் பார்த்தால், மச்சாள் வந்து போன பின்புதான். என் கணவரின் தங்கை. ஸ்கந்தபுரத்தில் எங்களுக்கு அடுத்த வளவு. எங்கே புதிதாய் ஒரு சாத்திரக்காரன் முளைத்தாலும் பஸ் ஏறிப் போய், தம்பியின் சேதியோடு வந்துவிடுவாள். காட்டுக்குள் இருக்கிறானாம் என்பாள். பிறகு, கடல் கடந்துவிட்டானாம் என்பாள். என் தேத்தண்ணியையும் குடித்துவிட்டு, தன் வீட்டில் போய் நன்றாக நித்திரை கொள்வாள். நான் விடியும்வரை முழித்திருப்பேன்.

“இதுக்கு என்னென்ன செய்யலாம்? சரி பிழை பாக்காமல் மனசில வாறதெல்லாம் சொல்லுங்கோ.”

“நாயை அவிட்டு விடலாம்.”

“நல்லது, அதுவும் ஒரு வழி,” என்றாள், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல். இதைப் படிக்கவும் பல்கலைக்கழகம் வேண்டியிருக்கிறது.

கடைசியில், நேரே சொல்லிவிடுவது என்று முடிவாயிற்று.

அடுத்த முறை மச்சாள் படலையைத் திறந்ததுமே சொன்னேன். “தம்பியைப் பற்றிச் சாத்திரம் கேட்டுக்கொண்டு இனி இஞ்சை வராதை. சும்மா வாறதெண்டால் வா.”

“உன்ர தம்பிக்காகத்தானே நான் அலைஞ்சனான்!” என்று கத்திவிட்டுத் திரும்பிப் போனாள். சில நாட்கள் எட்டியும் பார்க்கவில்லை. பிறகு ஒரு பின்னேரம் முருங்கைக்காயோடு வந்தாள். குரங்குகளைத் திட்டினாள், மருமகளைத் திட்டினாள். சாத்திரக்காரரைப் பற்றி மூச்சு விடவில்லை. அன்று படுத்ததும் நித்திரையாகிவிட்டேன்.

மறுபடி போய்ச் சொன்னபோது அந்தப் பிள்ளை கைதட்டாத குறை. “பாத்தீங்களே அம்மா, தீர்ந்திட்டுது!”

“மச்சாளின்ர கதைதான் தீர்ந்தது. தம்பி?”

அவள் என் கையை மட்டும் பிடித்துக்கொண்டாள். அதுவரை அவள் சொன்ன எல்லாவற்றையும் விட அதுதான் எனக்குக் கொஞ்சம் மதிப்பாகப் பட்டது.

தலையிடி குறைந்துவிட்டது, இல்லையென்று சொல்லமாட்டேன். அதற்கு மேல் எதையாவது தீர்த்துவிட்டதாக அவள் சொன்னால், கேட்டுக்கொண்டு இருக்கவும் மாட்டேன்.