ஒன்பதாவது குண்டு

போன வருஷம் தம்பி சைக்கிளின் பின்சக்கரத்தைப் பிரித்துக் கிரீஸ் வைத்தது நான்தான். ஒரு பால்ரஸ் குண்டு உருண்டு தொலைந்துவிட்டது. ஒன்பது இருக்க வேண்டிய பக்கத்தில் எட்டைப் போட்டுப் பூட்டினேன். யாரிடமும் சொல்லவில்லை.

மறு வாரம் மயிலம் ரோட்டில் சைக்கிளோடு விழுந்தவன் பிழைக்கவில்லை.

அன்றிலிருந்து அந்தக் குண்டு என் தலைக்குள் உருள்கிறது.

இன்று தம்பி மனைவி, "மாமா, அந்த சைக்கிள சரி பண்ணிக் குடுங்க, வேலைக்கு எடுத்துக்கினு போறேன்" என்றாள்.

பின்சக்கரத்தைப் பிரித்தேன். அந்தப் பக்கத்துக் குண்டுகளை டீசலில் கழுவி எண்ணினேன். ஒன்பது இருந்தன. ஒன்று மட்டும் புதுசு.

"சத்தம் வருதுன்னு, நீங்க பூட்டிக் குடுத்த மறுநாளே அவரே பிரிச்சி ஒரு குண்டு வாங்கிப் போட்டாரு மாமா. சொன்னா அண்ணன் சங்கடப்படும், வாணாம்னாரு."

அவனைத் திட்ட வேண்டும். ஆள் இல்லை. நீங்களாவது சொல்லுங்கள், அண்ணனிடம் மறைக்கிற விஷயமா இது?