அக்காவின் இடது கண்

“உனக்கு அஞ்சு தோட்டாதானே குடுத்தேன்? அட்டையில ஏழு ஓட்டை இருக்கே!”

பயிற்சியாளர் என்னைத்தான் கேட்டார். எல்லோரும் துப்பாக்கியைத் திறந்து கீழே வைத்த பிறகு, இலக்கு அட்டைகளைக் கழற்றி எடுத்து வந்திருந்தார். வலப் பக்கத்துப் பாயில் எழுந்து உட்கார்ந்திருந்த, என்னோடு துப்பாக்கிப் பயிற்சிக்கு வரும் அக்கா தன் அட்டையை வாங்கிப் பார்த்தார்.

“என்னோடதுல மூணுதான் இருக்கு. மீதி ரெண்டு வெடிக்கவே இல்லையோ?”

“அதெல்லாம் நல்லாத்தான் வெடிச்சுது. பக்கத்து வீட்டுக்குப் போயிடுச்சு. சுடும்போது எந்தக் கண்ணை மூடுறீங்க?”

“எதையும் மூடல. கண்ணைச் சுருக்காதேன்னு நீங்கதானே சொன்னீங்க?”

“சரி, ரெண்டு கையையும் நீட்டுங்க. உள்ளங்கையைச் சேர்த்து நடுவுல சின்னதா சந்து விடுங்க. அது வழியா அந்தக் கடிகாரத்தைப் பாருங்க. தெரியுதா? இப்ப இடது கண்ணை மட்டும் மூடுங்க.”

“அய்யோ, கடிகாரத்தைக் காணோம்!”

“இப்ப வலதை மூடுங்க.”

“வந்துடுச்சு சார்!”

“அப்ப உங்களுக்கு இடது கண்ணுதான் எஜமான். துப்பாக்கி வலது தோள்ல இருக்கு. குறி பார்க்கிறது ஒரு பக்கம், சுடுறது ஒரு பக்கம்.”

அக்கா நீட்டிய கையை இறக்கவில்லை. அந்தச் சந்து வழியாகவே என்னைப் பார்த்துக் கேட்டார். “அப்ப இத்தனை வருஷமா நான் முடி வெட்டினதெல்லாம்?”

அக்கா முடி திருத்துபவர். மருந்துக் கடைக்கு மேலே, மாடிப்படி முடியும் இடத்தில், இரண்டு நாற்காலி போட்ட கடை. சட்டை விளிம்பில் எப்போதும் இரண்டு கிளிப்புகள் கவ்விக்கொண்டிருக்கும். பேசும்போது வலது கை விரல்கள் காற்றை வெட்டிக்கொண்டே இருக்கும். “விரலை விசைப் பக்கம் கொண்டு போகாதீங்க” என்று பயிற்சியாளர் மற்றவர்களுக்கு ஒரு தடவை சொன்னால் அக்காவுக்கு மூன்று தடவை சொல்வார். சுடுவதற்குப் பாயில் படுக்குமுன் அக்கா துப்பாக்கிக் கட்டையை உஃப் என்று ஊதுவார், பிடரியில் ஒட்டிய முடியை ஊதுகிற மாதிரி. வகுப்பில் உள்ளவர்களை அவருக்குப் பின்னந்தலையை வைத்துத்தான் அடையாளம் தெரியும். எனக்கு அவர் வைத்த பெயர் ‘ரெட்டைச் சுழி’.

நான் அதிகம் பேசுவதில்லை. அது அவருக்குப் பிடித்திருந்தது. “கடையில நாள் முழுக்க ஊர்க் கதை. ஒருத்தி மாமியாரைத் திட்டுவா, அடுத்த நாற்காலியில அந்த மாமியாரே உட்கார்ந்து இவளைத் திட்டுவாங்க. ரெண்டுக்கும் நான் தலையாட்டணும். இங்க காதுல அந்த மூடியை மாட்டினதும் பாரு, சொர்க்கம்! எனக்கு வாரத்துல இந்த ஒரு காலைப்பொழுது போதும் தங்கச்சி.”

ஆனால் அது தொடர்ந்து கிடைக்க வேண்டுமானால், அறிமுகப் பயிற்சியின் கடைசி நாளில் தேற வேண்டும். தேறியவர்களைத்தான் துப்பாக்கி சுடும் சங்கத்தில் சேர்ப்பார்கள். அதற்கு ஒரே வாரம் இருந்தது. பயிற்சியாளர் இரண்டு வழி சொன்னார். துப்பாக்கியை இடது தோளுக்கு மாற்றி எல்லாவற்றையும் புதிதாகப் பழகலாம். இல்லையென்றால் வலது தோளிலேயே வைத்து, இடது கண்ணை ஒரு துண்டு அட்டையால் மறைத்துக்கொள்ளலாம். எது என்பதை அக்காவே முடிவு செய்ய வேண்டும்.

அக்காவால் முடிவு செய்ய முடியவில்லை. கையால் சாப்பிடுவதைக் கவனித்தார், பூட்டில் சாவி போடுவதைக் கவனித்தார், ஊசியில் நூல் கோத்துப் பார்த்தார். கவனித்தால் எல்லாமே தப்பாக வந்தது. தரையில் ஓடு பதிக்கும் வேலை செய்யும் கணவரிடம் கேட்டிருக்கிறார். அவர் மட்டப்பலகையைக் கீழே வைத்துவிட்டு, “என்னைக் கட்டிக்கிட்டியே, அப்ப எந்தக் கண்ணால பார்த்த?” என்றாராம். “ரெண்டும் மூடி இருந்துச்சுன்னு சொன்னேன். அதுக்கு அப்புறம் பேச்சு மூச்சே இல்ல” என்றார் அக்கா. சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

வாரத்தின் நடுவில் கடைக்கு வரச் சொன்னார். போனபோது ஒரு நாற்காலியில் பாதி வெட்டிய தலையோடு ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். அக்கா அவர் முன்னால் குனிந்து, நிமிர்ந்து, வலப்புறம் போய், இடப்புறம் வந்து, கத்தரியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

“என்னம்மா, அளவெடுத்துட்டே இருக்க? வெட்டுவியா, நான் இப்படியே வீட்டுக்குப் போகட்டுமா?”

“சாய்வா தெரியுதும்மா.”

“பத்து வருஷமா தெரியாத சாய்வு இன்னிக்கா தெரியுது?”

ஒருவழியாக அவரை அனுப்பிவிட்டு என்னை உட்கார வைத்தார். துணியைக் கழுத்தில் சுற்றினார். நாற்காலியைக் கண்ணாடிக்கு முதுகு காட்டித் திருப்பினார். யோசிக்காமல் வெட்டும்போது தன் எந்தக் கண் சுருங்குகிறது என்பதை வைத்துத்தான், இடது கண்ணை மறைக்கலாமா, தோளை மாற்றலாமா என்று தீர்மானிக்கப் போகிறாராம். கண்ணாடியில் அவரே பார்த்தால் கண் உஷாராகிவிடுகிறதாம். யாராவது எதிரில் இருந்து பார்க்க வேண்டுமாம்.

என் முன்முடியைச் சீப்பில் பிடித்துத் தூக்கினார். கத்தரி நெற்றிக்கு நேரே வந்தது. சரக்கென்று ஒரு சத்தம்.

“எது?”

எனக்குத் தெரியவில்லை. கத்தரி நெருங்கியதும் நான் இரண்டு கண்ணையும் இறுக மூடியிருந்தேன். அதைச் சொன்னேன்.

அக்கா என் மூக்கில் விழுந்திருந்த முடியை ஊதினார். மீண்டும் சீப்பை எடுத்து, இன்னும் கொஞ்சம் முடியைப் பிடித்துக்கொண்டார்.

“வெட்டுறது என் பொறுப்பு. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நீ மட்டும் கண்ணை மூடாம இரு தங்கச்சி.”