இடுப்பில் முடிச்சுப் போட்ட சட்டை

என் மகள் கபடி ஆட வேண்டுமென்றால் சட்டை தொளதொளவென்று இருக்க வேண்டும் என்று என் கணவரின் அண்ணன், எனக்குப் பெரியத்தான், நிபந்தனை போட்டார். நாலு பேர் நாக்கு மேல் பல்லைப் போட்டு ஒரு வார்த்தை பேசிவிட்டால், அன்றோடு ஆட்டத்தை நிறுத்திவிட வேண்டுமாம். இரண்டாயிரத்து ஆறோ ஏழோ, அவள் எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள். சாத்தூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த எங்களுக்கு நல்லூரில் வீடு பார்த்து, பனியன் கம்பெனியில் சேர்த்துவிட்டவர் அவர். அந்த நன்றிக்காக என் கணவர் அவர் முன்னால் வாயே திறக்க மாட்டார். எனக்கு வாய் உண்டு. ஆனாலும் பிள்ளை ஆடினால் போதும் என்று தலையாட்டினேன்.

பள்ளிக்கூடத்தில் டீமுக்குச் சட்டை கிடையாது. நான் டெய்லர்தானே, தைத்துத் தருகிறேன் என்றேன். மிச்சம் கிடந்த நீலத் துணியைக் காட்டி, "நம்ம புள்ளைங்களுக்குத்தானுங்க, எடுத்துக்கங்க" என்றார் முதலாளி. கம்பெனியில் தொங்கிய பதின்மூன்று வயது அளவு அட்டையை வைத்து வெட்டி, மொத்த டீமுக்கும் தைத்துவிட்டேன்.

அங்கேதான் கோட்டை விட்டேன். அது கப்பலேறி வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குப் போகிற அளவு. வருஷக்கணக்காக அதையே தைத்த கைக்கு, உலகத்துப் பிள்ளைகள் எல்லாம் அந்த உடம்போடுதான் இருக்கும் என்ற நினைப்பு. எங்கள் பிள்ளைகள் போட்டதும் தோள் முழங்கைக்கு வந்தது, ஓரம் முட்டிக்கு வந்தது. "ஏம்மா, இது நைட்டியா?" என்றாள் மகள். மறுநாளே மேட்ச், மாற்ற நேரமில்லை. பெரியத்தானுக்கு மட்டும் பரம திருப்தி. "இதுதாம்மா மரியாத" என்றார்.

அவிநாசியில் மேட்ச். ஞாயிற்றுக்கிழமை என்பதால் நானும் கணவரும் போயிருந்தோம். காவல் காக்க வந்த மாதிரி பெரியத்தானும் வந்து முன்வரிசையில் நின்றார். எதிர் டீமில் நெட்டையாக ஒருத்தி. பாடி வந்தவள் கையை நீட்டினாள், என் மகள் விலகினாள், சட்டை விலகவில்லை. அவுட். என் மகள் மறுபடி ஆட்டத்துக்குள் வந்தாள், மறுபடி அதே கதை. சட்டையைக் கால்சட்டைக்குள் சொருகினார்கள். ஓட ஓட அவ்வளவு துணியும் உருவிக்கொண்டு வந்தது. நான் டீச்சரிடம் ஓடினேன். "துணி பட்டாலும் தொட்டதுதானுங்க அக்கா. ரூலே அப்படிங்க" என்றார் பாவம்.

கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்த என் மகள் என்னைப் பார்க்கவில்லை. பெரியப்பா முகத்தைப் பார்த்தாள். அவர் மீசையைத் தடவிக்கொண்டு நின்றார். என் பிள்ளையைத் தோற்கடிக்க எதிராளி எதற்கு, நான் தைத்த சட்டையே போதுமே!

இடைவேளை விட்டதும் அவளைக் கூப்பிட்டு நிறுத்தினேன். நூல் நறுக்குகிற டிரிம்மர் எப்போதும் என் பையில் கிடக்கும். தொங்கிய துணியை இடுப்பைச் சுற்றி நறுக்கி எறிந்தேன். பனியன் துணி பிரியாது, ஓரம் சுருண்டு நிற்கும். மிச்சத் தொளதொளப்பை முதுகுப்பக்கம் இழுத்து இறுக்கி முடிச்சுப் போட்டேன்.

பெரியத்தான் பாய்ந்து வந்தார். "உடம்புல கெடக்க துணிய வெட்டாத, குடும்பத்துக்கு ஆகாது! குமருப் புள்ளைய இந்தக் கோலத்துல ஊரு முன்னால நிக்க வைக்கப் போறியா?"

"நிக்க வைக்கல அத்தான், ஆட வைக்கேன். பாக்கப் புடிக்கலைன்னா அங்கிட்டுத் திரும்பிக்கோங்க."

சொல்லிவிட்டேன். அடுத்த பிள்ளையின் சட்டையைப் பிடித்து வெட்ட ஆரம்பித்தேன். மற்றப் பிள்ளைகளும் வந்து வரிசையில் நின்றார்கள். என் கணவர் அண்ணனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து, தரையில் கிடந்த துண்டுத் துணிகளைப் பொறுக்க ஆரம்பித்தார்.

மறுபாதியில் அந்த நெட்டைக்காரி வந்து கையை வீசினாள். காற்றுதான் அகப்பட்டது. அவள் திரும்புவதற்குள் என் மகள் பாய்ந்து கணுக்காலைப் பிடித்துவிட்டாள். இழுத்த இழுப்பில் மண்ணில் தேய்ந்துகொண்டே போனாள், விடவில்லை. மற்றவர்கள் மேலே விழுந்து அமுக்கிய பிறகுதான் விட்டாள். "என் மவ! அது என் மவ!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். பெற்றபோதுகூட எனக்கு அவ்வளவு பெருமை இருந்ததில்லை.

மேட்ச் என்னவோ தோற்றுத்தான் போனார்கள். முட்டியில் ரத்தமும் வாயெல்லாம் சிரிப்புமாக அவள் எங்களிடம் வந்தாள். அவள் காதுபடவே பெரியத்தான் கேட்டார்: "இந்த ஆட்டத்தப் பாத்துட்டு எவன் பொண்ணு கேட்டு வருவான்?"

"வர்றவன வாசல்ல நிக்கச் சொல்லுங்க அத்தான். அவ ஆடி முடிச்சிட்டு வருவா."

அதற்கப்புறம் அவர் ரொம்ப காலம் எங்கள் வீட்டுப் படி மிதிக்கவில்லை. மிதிக்காவிட்டால் போகட்டும். என் மகள் பள்ளிக்கூடம் முடிக்கிற வரைக்கும் ஆடினாள். அவர் நின்ற அந்த முன்வரிசையில் நான் நின்றேன்.