ஞாயிற்றுக்கிழமை உளவாளி

எனக்கு வாய் நீளம் என்று அம்மா திட்டுவதைப் பெருமையாக எடுத்துக்கொண்ட காலம் அது. வயது இருபது. மாத்தளைப் பக்கம் பலாபத்வலைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தேன். வாரம் முழுக்க மரத்தடியில் நின்றாலும் மனசு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணியில்தான் நிற்கும். ரேடியோவில் உளவாளி நாடகம் அந்த நேரத்துக்குத்தான் வரும்.

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யாரிடமும் ரேடியோ கிடையாது. ரோட்டோரத்தில் மளிகைக் கடை வைத்திருந்த முஸ்லிம் நானாவிடம் ஒன்று இருந்தது. சாமான் வாங்குகிற சாக்கில் ஏழெட்டுப் பெண்கள் போய் நிற்போம். "மொதல்ல பருப்ப கட்டிக்கங்க தங்கச்சி, உளவாளி எங்கயும் ஓடிர மாட்டான்" என்று நானா கிண்டல் பண்ணுவார். நாடகம் தொடங்கிவிட்டால் அவரும் தராசைத் தொடமாட்டார்.

மறுநாள் பால் நிறுக்கிற ஸ்டோர் வாசலில், வாளியை வரிசையில் வைத்துவிட்டு அதே பேச்சுத்தான். யார் நல்லவன், யார் காட்டிக்கொடுத்தவன், கதாநாயகி தப்புவாளா மாட்டாளா. "அந்த டாக்டர்தான்டி கள்ளன்" என்று மூன்று வாரம் முந்தியே நான் சொன்னேன், அப்படியே ஆனது. அதோடு எனக்குக் கொம்பு முளைத்துவிட்டது. என்னிடம் கேட்காமல் யாரும் எதையும் முடிவு பண்ணுவதில்லை. அதிகம் கேட்பவர் எங்கள் வீட்டுச் சுவரை ஒட்டிய பக்கத்துக் காம்பரா அக்கா. கடைக்கு வரமுடியாத வாரங்களில் என்னிடம் வந்து, "ஒரு சொல்லுகூட விடாம சொல்லு புள்ள" என்று உட்கார்ந்துவிடுவார். அந்த மனுஷிக்குத்தான் நான் அந்தப் பாவத்தைப் பண்ணினேன்.

அந்த வாரக் கதையில் கறுப்புப் பையோடு ஒருவன் வீடு வீடாக விசாரித்துக்கொண்டு வருகிறான். சொல்வதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொள்கிறான். அவன் எதிரியின் ஆள். கதாநாயகி முகம் மாறாமல், "அப்படி யாரும் இங்கே இல்லை, கப்பலேறிப் போய்விட்டார்கள்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறாள். அந்த வசனத்தை நாங்கள் விடவேயில்லை. கங்காணியைத் தேடி யாராவது வந்தால்கூட, "அப்படி யாரும் இங்க இல்ல" என்று சொல்லிச் சிரிப்போம்.

புதன்கிழமை மத்தியானம் மலைத்தண்ணீர் வந்து விழுகிற பீலியில் நாங்கள் மூன்று பேர் துணி அலசிக்கொண்டிருந்தோம். வெள்ளைக் கால்சட்டை போட்ட ஒருவர் வேர்த்து விறுவிறுத்து மேடேறி வந்தார். கையில் கறுப்புப் பை. ஆபீசில் கிளாக்கர் இல்லையென்று நேராக லயத்துக்கே வந்துவிட்டாராம். சிங்களம் கலந்த தமிழில் அக்கா வீட்டுக்காரரின் பெயரைச் சொல்லி, எந்தக் காம்பரா என்று கேட்டார். பையிலிருந்து நோட்டை எடுத்தார். பக்கத்தில் நின்றவள் என் இடுப்பில் கிள்ளினாள். எனக்குச் சிரிப்பு தொண்டை வரைக்கும் வந்துவிட்டது.

"அப்படி யாரும் இங்க இல்லைங்க. கப்பலேறி இந்தியாவுக்குப் போயிட்டாங்க" என்றேன்.

"குடும்பத்தோடயா?"

"குடும்பத்தோடதாங்க. போயி ரெண்டு வருசமாச்சு."

அந்த இரண்டு வருஷம் நாடகத்தில் இல்லை. நானே சேர்த்தது. அவர் மற்ற இருவரையும் பார்த்தார், அவர்களும் தலையை ஆட்டினார்கள். எழுதிக்கொண்டு, "ஸ்துதி" என்று சிங்களத்தில் நன்றி சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அவர் தலை மறைந்ததும் நாங்கள் சிரித்த சிரிப்பில் ஒரு ரவிக்கை தண்ணீரோடு போய்விட்டது.

சாயங்காலம் அக்காவிடமும் சொல்லிச் சிரிக்கலாம் என்றுதான் போனேன். அவர் வீட்டுக்காரர் ட்ரங்குப் பெட்டியைத் திறந்து காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். சுதந்திரம் வந்த கையோடு எங்கள் தோட்டத்து ஆட்களை இந்தியாக்காரர் என்று சொல்லி, பிரஜாவுரிமை இல்லை என்று ஆக்கிவிட்டார்கள். விட்டுப்போகாமல் இங்கேயே இருக்கிறோம் என்று மனுப்போட்டு நிரூபித்தால்தான் உண்டு. அவர் மனுப்போட்டுவிட்டு வருஷக்கணக்காகக் காத்திருந்தார். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழை அரிசித் தூசி படாமல் துணியில் சுற்றி வைத்திருந்தார்.

"விசாரணைக்கு ஐயா இந்த வாரம் வருவாராம் புள்ள. நாம லயத்துல இருக்குறத கண்ணால பாத்து எழுதிட்டாருன்னா முடிஞ்சுது" என்றார் அக்கா.

மத்தியானம் வந்தவர் அந்த ஐயாதான். அப்போதே சொல்லியிருக்கலாம். விடிந்ததும் அக்கா வீட்டுக்காரர் மாத்தளைக்கு ஓடி, அரசாங்கக் கந்தோரில் அந்த ஐயாவைப் பிடித்து, அது ஒரு கூறுகெட்டவள் சொன்ன பொய் என்று சொல்லியிருப்பார். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அக்கா, "அடுத்த வாரம் என்ன ஆகும்னு நெனைக்கிற?" என்று கேட்டார். நான் நாடகத்தைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டேன். அரைமணி நேரம் பேசினேன், வெட்கங்கெட்டவள்.

மற்ற இருவரையும் மூச்சுவிடக் கூடாது என்று நான்தான் மிரட்டி வைத்தேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கெடவில்லை. என் வாயால் பக்கத்துக் காம்பரா கெட்டது.

சில மாதத்தில் அக்கா வீட்டுக்குக் கடிதம் வந்தது. கிளாக்கர் படித்துச் சொன்னார்: குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போய் இரண்டு வருஷம் என்று லயத்து ஆட்களே சொன்னதால் மனு தள்ளுபடி. "நான் இந்தா நிக்கிறேனே ஐயா" என்றாராம் அக்கா வீட்டுக்காரர். அப்பீல் போட்டார். இப்போது இருப்பது சரி, இடையில் போய்வந்திருக்கிறீர்கள் என்று அதையும் தள்ளிவிட்டார்கள். என் வீட்டில் போட்ட மனு மட்டும் நிறைவேறியது.

அதற்குப் பிறகு நான் நானா கடைக்கு நாடகம் கேட்கப் போகவில்லை. காரணம் கேட்டால் தலைவலி என்பேன். பாவம், அக்கா தான் கேட்டுவிட்டு வந்து எனக்குக் கதை சொல்வார். சுவரோடு சுவராகப் பன்னிரண்டு வருஷம் இருந்தோம். அவர் கொடுத்த குழம்பை வாங்கித் தின்றேன். ஒரு நாள்கூட என் வாய் திறக்கவில்லை.

கடைசியில் இரண்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டு, பிரஜாவுரிமை இல்லாதவர்களை இந்தியாவுக்கு அனுப்பத் தொடங்க, அவர்கள் நிஜமாகவே கப்பலேற வேண்டியதாயிற்று. மாத்தளை ஸ்டேஷனுக்கு நானும் போனேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கள்ளன் யாருன்னு உனக்குத்தான் எப்பவும் முந்தித் தெரியும். எங்கள காட்டிக் குடுத்தது யாரா இருக்கும் புள்ள?"

அவர் என்னைச் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. திங்கட்கிழமை ஸ்டோர் வாசலில் கேட்பது போலத்தான் கேட்டார்.

"தெரியலக்கா" என்றேன்.

"உனக்கே தெரியலைன்னா இனி யாருக்குத் தெரியப் போகுது" என்று சொல்லி, முந்தானையால் என் கண்ணைத் துடைத்துவிட்டார்.